தெண்டி ஓடும் மாதத்தில் சர்ஃபிங் பழகினேன்

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் புதிதல்ல, அலைதான் புதிது. எங்கள் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கரையில் நின்றால் நங்கூரமிட்ட கப்பல்கள் வரிசையாகத் தெரியும். காலடியில் தண்ணீர் லேசாகத் தளும்பும், அவ்வளவுதான். சுற்றிலும் தீவுகள் மறித்துக்கொண்டிருப்பதால் பெருங்கடலின் அலை அங்கே வந்து சேராது. அந்தக் கரையும் 1960-களில் தொடங்கிக் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம்தான். வேலை காரணமாகப் புதுச்சேரிக்கு வந்து லாஸ்பேட்டையில் குடியேறிய பிறகு, கடற்கரைச் சாலையில் கருங்கல் மேல் மோதி ஆளுயரத்துக்குத் தெறிக்கிற அலையைப் பார்த்தேன். இதன் மேல் ஒருநாளாவது ஏறி வந்துவிட வேண்டும் என்ற ஆசை அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கார அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்துல சாமியோட போயி முங்கி எந்திரிக்கிறதோட சரிம்மா. கடல்கிட்ட நமக்கு என்ன வெளையாட்டு?" என்றார். 2004 சுனாமியையும், 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலையும் கண்ணால் பார்த்தவர் அவர். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். பழகத் தெரிந்தவர்களோடு மட்டுமே இறங்குவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டு எல்லை தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போய் வலப்பக்கம் திரும்பினால் தந்திராயன்குப்பம். வெளியூர்க்காரர்கள் செரினிட்டி பீச் என்பார்கள். ஆனி மாதம். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்து, படகுகள் மறுபடி கடலுக்குப் போய்வந்துகொண்டிருந்த நேரம். மணலில் ஃபைபர் படகுகள், வலைக் குவியல், அவற்றுக்குப் பக்கத்திலேயே வரிசையாகச் சாய்த்து வைத்த சர்ஃப் பலகைகள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த தம்பி மீனவர் வீட்டுப் பிள்ளை. இந்தக் கரையோரம் முழுக்க இப்படித்தான் இருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் 2012-இல் தொடங்கிவைத்த பள்ளியில் குப்பத்துப் பிள்ளைகள் பழகிப் போட்டிகளுக்குப் போகிறார்கள். மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே நடந்தது; அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அலை உடைகிற இடத்தைத் தாண்டிக் கட்டுமரத்தைச் செலுத்தத் தெரிந்த குடும்பங்கள் இவை. இவர்களை விடப் பொருத்தமான ஆசிரியர்கள் எங்கிருந்து வர முடியும்?

தண்ணீருக்குள் போகும் முன் மணலில் நிறைய நேரம் ஆனது. முதலில் தம்பி என்னைக் கண்ணை மூடி நிற்கச் சொல்லி முதுகில் லேசாகத் தள்ளினார். தடுமாறி முன்னால் வைத்தது இடது கால். "அப்ப வலது கால் பின்னாடி, கயிறு அதுலதான் கட்டணும்" என்று பலகையோடு இணைந்த கயிற்றின் பட்டையைக் கணுக்காலில் சுற்றி ஒட்டினார். பலகை ஒன்பது அடி நீளம், மேலே மெத்தென்ற ஃபோம். அதன் வடிவத்தை மணலில் விரலால் வரைந்து, நடுவே ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டின் மேல் குப்புறப் படுத்து, விலா எலும்புக்குப் பக்கத்தில் உள்ளங்கைகளை ஊன்றி, மார்பைத் தூக்கி, ஒரே மூச்சில் இரண்டு காலையும் அடியில் கொண்டுவர வேண்டும். முழங்காலை ஊன்றி எழும் பழக்கம் வந்துவிட்டால் பிறகு போகாது என்று அதில் மட்டும் கறாராக இருந்தார். விழுந்தால் தட்டையாக விழ வேண்டும், மேலே வரும்போது தலையைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும், அலைக்கும் உடம்புக்கும் நடுவில் பலகை வரவே கூடாது.

அதற்குப் பிறகும் இறங்க விடவில்லை. கடலைக் காட்டி நிற்க வைத்தார்.

"வெள்ளையா ஒடையுதே, அங்க அடியில மணல் மேடு இருக்குக்கா. நடுவுல ஒடையாம கருப்பா ஒரு சந்து தெரியுது பாருங்க, அது பள்ளம். வந்த தண்ணி அது வழியாத்தான் திரும்பிப் போவும். பாக்க அமைதியா இருக்கும், ஆளை இழுத்துட்டுப் போயிடும்."

நானாக இறங்கியிருந்தால் அலை குறைவாக இருக்கிறதே என்று அந்தச் சந்தைத்தான் தேர்ந்திருப்பேன். இந்தக் கரையில் குளிக்க இறங்கி உயிர் போனவர்களைப் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. தெரிந்தவர் ஒருவர் இப்படிக் கைநீட்டிக் காட்டினாலே அதில் பாதி தடுக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

தண்ணீரில் என்னை முதலில் திகைக்க வைத்தது அலையல்ல, நீரோட்டம். இடுப்பளவு நீரில் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் தெரியும். திரும்பிப் பார்த்தால் எங்களுக்கு நேரே இருந்த நீலப் படகு தெற்கே தள்ளிப் போயிருந்தது. நகர்ந்தது நாங்கள். "தெண்டி ஓடுதுக்கா" என்றார் தம்பி. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் தெண்டி. மழைக்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. தெண்டி ஓடுகிற மாதங்களே அதிகம். ஒவ்வொரு அலைக்குப் பிறகும் கரையேறி, பலகையை இடுக்கிக்கொண்டு நீலப் படகுவரை தெற்கே நடந்து, மறுபடி இறங்கினோம். தோள்பட்டையும் தொடையும் எரிந்தன. ஆனாலும் அந்த நடையைக் குறைக்க எனக்கு மனமில்லை. ஒவ்வொரு முறை பாதம் பதியும்போதும் அடியில் மணல் வழுக்கிக்கொண்டு போவதை உணர முடிந்தது. என்னைத் தள்ளிய அதே நீர் மணலையும் வடக்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

நான் முதலில் எழுந்து நின்றது நுரையாக உடைந்து வந்த ஒரு சாதாரண அலையின் மேல்தான். பின்னாலிருந்து தம்பி பலகையைத் தள்ளிவிட்டு, "காலைப் பாக்காதீங்க, கரையைப் பாருங்க!" என்று கத்தினார். மார்பைத் தூக்கினேன், கால்கள் அடியில் வந்து சேர்ந்தன. பலகை சட்டென்று நிலையானது. நின்றிருந்தபோது ஆடிய பலகை வேகம் எடுத்ததும் தரைபோல் உறுதியாகிவிடுகிறது. அதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. காதுக்குப் பின்னால் நுரையின் சீற்றம், பாதத்துக்கு அடியில் தடதடப்பு, எதிரே தென்னைகளும் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களும் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். மணல் தட்டும்வரை நின்றேன். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். வலையிலிருந்து தலை தூக்கிய ஒரு பெரியவரும் சிரித்தார்.

அவர் தம்பியின் அப்பா. பிறகு டீ குடிக்கும்போது அவரிடம்தான் நிறையக் கேட்டேன். அலை ஏன் அந்த இடத்தில் உடைகிறது? அலையின் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் அதன் அடிப்பகுதி தரையில் உரசி வேகம் குறைகிறது, மேல்பகுதி முந்திக்கொண்டு கவிழ்கிறது. இது புத்தக விளக்கம். அவர் சொன்னது இன்னும் சுருக்கம்: "மணல் எங்க இருக்கோ அங்கதாம்மா அலை."

அந்த மணல்தான் போய்க்கொண்டிருக்கிறது. 1980-களின் இறுதியில் புதுச்சேரி துறைமுக முகத்துவாரத்தில் கடலுக்குள் நீளமாகக் கல் தடுப்புகள் கட்டினார்கள். தெண்டி கொண்டுவரும் மணல் அவற்றின் தெற்கே தேங்கிவிட, வடக்கே போக வேண்டிய பங்கு நின்றது. பசித்த கடல் நகரத்துக் கரையைத் தின்றது, கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு கல் முடிகிற இடத்துக்கு வடக்கே நகர்ந்தது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பிள்ளைச்சாவடி என்று ஒவ்வொரு குப்பமாக வீட்டையும் படகு நிறுத்தும் இடத்தையும் இழந்து, தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, கேட்டுப் போராட வேண்டிய நிலை. ஒரு குப்பத்தில் தூண்டில் வளைவு போட்டால் தேங்கும் மணல் அதற்கு வடக்கே உள்ள குப்பத்துக்குப் போக வேண்டியது. கடற்கரைச் சாலையிலிருந்து கடலுக்குள் நீண்டிருந்த பழைய துறைமுகப் பாலம் 2022 மார்ச்சில் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது.

திரும்பக் கொண்டுவர முடியும் என்பதற்கும் இதே ஊரில் சாட்சி இருக்கிறது. தலைமைச் செயலகம் எதிரே தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நீருக்கடியில் எஃகினால் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு, காந்தி சிலைப் பக்கம் மறுபடி மணல் சேர்ந்து, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மணல் வாங்கிக் கரை கட்டிய நாட்டிலிருந்து வந்தவள் நான். இங்கே கடல் இலவசமாகவே கொண்டுவந்து கொட்டுகிறது. முகத்துவாரத்தில் தேங்கும் மணலைத் தூர்வாரி வடக்குக் கரைக்குத் தொடர்ந்து அனுப்பினால் போதும். அதை ஒரு வருடம் செய்து மறு வருடம் விடுவதில் பயனில்லை. தெண்டி வருடா வருடம் ஓடுகிறது. தம்பியின் பாடமும் அவர் அப்பாவின் படகும் நிற்பது ஒரே மணலின் மேல்.

போக விரும்புகிறவர்களுக்கு: விடியற்காலையில் போங்கள். அப்போது நிலத்திலிருந்து வீசும் காற்று அலையின் முகத்தைச் சீராக வைத்திருக்கும். பத்து மணிக்கு மேல் கடற்காற்று கிளம்பிக் கலைத்துவிடும். வடகிழக்குப் பருவமழை மாதங்கள் புதியவர்களுக்கு ஆகாது. உடம்போடு ஒட்டிய முழுக்கை உடை போடுங்கள். பலகை வயிற்றையும் முழங்கையையும் உரசித் தோலை எடுத்துவிடும். பெண்கள் தயங்க வேண்டாம், கரையில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூண்டில் வளைவுக்குப் பக்கத்தில் மட்டும் இறங்காதீர்கள்; கல்லை ஒட்டியே தண்ணீர் உள்ளே இழுக்கும். எங்கே இறங்கலாம் என்று வலை பின்னுகிறவர்களிடம் கேளுங்கள், அன்றைய மணல் எங்கே கிடக்கிறது என்று கை நீட்டிக் காட்டுவார்கள்.