தங்கை மகளுக்காக அலைந்தது: டி.சி. முதல் அன்புக் கரங்கள் வரை

அம்மா இறந்து, அப்பா உயிரோடு இருந்தும் வந்து எட்டிப் பார்க்காத பிள்ளையை நீங்கள் வளர்க்கிறீர்களா? அப்படியென்றால் முதலில் போக வேண்டிய இடம் பள்ளிக்கூடமும் இல்லை, தாலுகா அலுவலகமும் இல்லை. உங்கள் மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு, அதாவது பராமரிப்பு இல்லாத பிள்ளைகள் விஷயத்தில் முடிவெடுக்கச் சட்டப்படி அமைத்திருக்கும் குழு. இதை யாராவது ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் என் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் தங்கை 2025 தொடக்கத்தில் தவறிவிட்டாள். திருப்பூரில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பனியன் கம்பெனி வேலை. காரியம் முடிந்ததும் அவள் வீட்டுக்காரர் மகளை எங்கள் ஊரில் விட்டுவிட்டு, “பரீட்சை லீவு முடியட்டும் அண்ணி, வேற வீடு பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றார். லீவு முடிந்தது, பள்ளி திறந்தது, அவர் வரவில்லை. போன் சில நாள் போகும், பல நாள் அணைந்திருக்கும். எடுத்தால் “அடுத்த வாரம்” என்பார். பிள்ளைக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு சேர வேண்டும்.

டி.சி. வாங்கத் திருப்பூர் போனேன். அவள் படித்தது ஒரு தனியார் பள்ளி. அலுவலகத்தில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அப்பா வந்து கையெழுத்துப் போடணும், ஃபீஸ் பாக்கியும் கட்டணும். நீங்க யாரு?” என்றார். நான் பெரியம்மா, அம்மா இல்லை, அப்பா எங்கே இருக்கிறார் என்று எங்களுக்கே தெரியவில்லை என்று சொன்னேன். “அதெல்லாம் எங்க பிரச்சினை இல்லை” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து போனவளுக்குக் கிடைத்த பதில் அதுதான். இன்னும் ஆறவில்லை.

எங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை நல்லவர். கல்வி உரிமைச் சட்டப்படி டி.சி. வரத் தாமதமானாலும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று சொல்லி அன்றே வகுப்பில் உட்கார வைத்தார். ஆனால் எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில், பழைய பள்ளி அவள் பெயரை விடுவித்துக் காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலுக்கு அனுப்பினால்தான் இங்கே ஏற்ற முடியும். அது நடக்கிற வரை பிள்ளை வகுப்பில் இருந்தாலும் இந்தப் பள்ளிக் கணக்கில் வரமாட்டாள். கட்டணப் பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தி வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருப்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். அதைக் குறிப்பிட்டு அந்த மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்குப் பதிவுத் தபாலில் மனு போட்டேன், நகலைப் பள்ளிக்கும் அனுப்பினேன். பெயர் காமன் பூலுக்கு வந்துவிட்டது. நேரில் போய்க் கெஞ்சியதற்கு இல்லாத மதிப்பு தபால் ரசீதுக்கு இருந்தது. எந்த மனுவையும் ஸ்பீட் போஸ்ட் மாதிரி ரசீது கிடைக்கிற தபாலில் அனுப்புங்கள்.

பள்ளி முடிந்தது என்று மூச்சு விட்டால், உதவித்தொகை, ரேஷன், பேங்க் எல்லாவற்றிலும் அதே கேள்விதான்: “அப்பா எங்கே?” கிராம நிர்வாக அலுவலரிடம், அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று எழுதித் தரச் சொன்னேன். “இறந்திருந்தா இறப்புச் சான்று வச்சு எழுதலாம். இருக்கிற ஆளை இல்லைன்னு நான் எப்படிம்மா எழுதறது?” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் அந்தப் பதிலோடு நான் எங்கே போவது? இ-சேவை மையத்துப் பையன் பட்டியலைத் தேடிப் பார்த்தான். கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்குச் சான்று இருக்கிறது, அப்பா கைவிட்ட பிள்ளைக்கு எதுவும் கண்ணில் படவில்லை என்றான்.

தாலுகா அலுவலக வாசலில் ஒருவர், முத்திரைத்தாளில் தத்துப் பத்திரம் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கித் தருகிறேன், இரண்டாயிரம் கொடுங்கள் என்றார். தயவுசெய்து இதில் மாட்டாதீர்கள். அப்பா உயிரோடு இருக்கும்போது அவர் தராமல் இப்படி ஒரு பத்திரம் எழுதிப் பெரியம்மா தத்தெடுக்க முடியாது. அந்தத் தாளை எந்த அலுவலகமும் ஏற்காது.

அப்புறம் தலைமை ஆசிரியைதான் பள்ளிச் சுவரில் எழுதியிருந்த 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் காட்டினார். அதுவரை அடிபட்ட பிள்ளைகளுக்கும் ஓடிப்போன பிள்ளைகளுக்கும்தான் அந்த எண் என்று நினைத்திருந்தேன். போனை எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குழந்தைகள் நலக் குழு முன்னால் பிள்ளையோடு ஆஜராகுங்கள், போலீஸில் ஒரு மனு கொடுத்து ரசீதும் வாங்கி வையுங்கள் என்றார்.

வீட்டில் பெரிய எதிர்ப்பு. அம்மாச்சி, அதாவது என் அம்மா, “ஹோமுக்குக் கொண்டு போயிருவாங்கடி, வேண்டாம்” என்று அழுதார். பிள்ளையும் அதைக் கேட்டுவிட்டு என் சேலையை விடவில்லை. இந்தப் பயம் பல வீடுகளில் இருக்கும், அதனால் சொல்கிறேன். 2015 சிறார் நீதிச் சட்டத்திலேயே, விடுதியில் சேர்ப்பது கடைசி வழி, குடும்பத்தோடு இருப்பதுதான் முதல் வழி என்று இருக்கிறது. பார்த்துக்கொள்ள உறவினர் இருந்தால் குழு முதலில் அதைத்தான் பார்க்கும்.

போலீஸ் ஸ்டேஷனில், குடும்ப விஷயத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பொறுப்பில் இருக்கிற பிள்ளையைக் கைவிடுவது அதே சட்டத்தின் 75-வது பிரிவில் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் எனக்கு அவரை உள்ளே தள்ளும் எண்ணம் இல்லை. பிள்ளைக்கு அவர் அப்பா. எனக்கு வேண்டியது எழுத்தில் ஒரு பதிவு. அதைச் சொல்லி நின்றதும் பெண் காவலர் ஒருவர் மனுவை வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வாங்கியதற்கான போலீஸ் ரசீது கொடுத்தார். அந்தச் சின்னத் தாள் பிறகு நிறைய இடத்தில் உதவியது.

குழுவுக்கு முதல் தடவை போனபோது அன்று அமர்வு இல்லை. மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும் என்பது சட்டம். இருந்தாலும் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பள்ளிக்கு லீவு போட்டுக் கூட்டிப்போன பிள்ளையைத் திருப்பி அழைத்து வருவது கஷ்டம்.

அமர்வில் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசினார்கள். வெளியே வந்தவள், “எங்க இருக்க ஆசைன்னு கேட்டாங்க பெரியம்மா, உங்ககிட்டன்னு சொன்னேன். அப்பா வந்தா பாக்கணும்னும் சொன்னேன்” என்றாள். அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவைப் போனில் பிடித்து ஒரு தேதி சொன்னார்கள். கட்டாயம் வருகிறேன் என்றார். அன்று தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். மத்தியானம் வரை வரவில்லை. பெரியவர்களை ஏமாற்றட்டும், அந்தப் பிள்ளையை இப்படி உட்கார வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அவர் வராததும் குழுவின் பதிவில் ஏறியது. கிராம நிர்வாக அலுவலர் எழுத முடியாது என்றது அங்கே எழுத்தாகிவிட்டது.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரித்தார். பிள்ளை எங்கே படுக்கிறாள், வீட்டில் யார் யார், யார் சம்பாதிக்கிறார்கள், இவ்வளவுதான். அந்த அறிக்கைக்குப் பிறகு, தகுந்த நபர் என்று என்னைக் குறிப்பிட்டு என் பராமரிப்பில் பிள்ளையை ஒப்படைத்து ஆணை தந்தார்கள். முத்திரை போட்ட நகல்களைக் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள், அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். இன்னொன்று, இந்த ஆணை சட்டப்படியான கார்டியன் உரிமை ஆகாது. பிள்ளை பெயரில் சொத்து ஏதாவது இருந்தால், 1890-ஆம் வருட கார்டியன் சட்டத்தின் கீழ் பிள்ளை குடியிருக்கும் பகுதி நீதிமன்றத்தில் தனியாக மனு போட வேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

பணத்துக்கு வருகிறேன். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள், ஆனால் குடும்ப வருமானம் வருடத்துக்குக் கிராமத்தில் 72,000, மற்ற ஊர்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார், எங்கள் வருமானச் சான்று அதைத் தாண்டியது. 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் எங்களுக்குப் பொருந்தியது. ஒரு பெற்றோர் இறந்து மற்றவர் கைவிட்ட பிள்ளைகளும் அதில் உண்டு, 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். மனுவோடு ரேஷன் கார்டு, ஆதார், பிறப்புச் சான்று, பேங்க் பாஸ்புக் நகல்கள் கொடுத்தோம்.

அந்தப் பாஸ்புக்குக்குத்தான் பெரும் பாடு. பேங்கில் இருந்தவர், மைனர் கணக்குக்கு அப்பா வர வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். ஆணையைக் காட்டினால் இது கோர்ட் ஆர்டர் இல்லையே என்றார். பத்து வயது நிறைந்த பிள்ளை தானே சேமிப்புக் கணக்கு திறந்து இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் விதி வெளியிட்டிருக்கிறது, அந்தச் சுற்றறிக்கையை அச்சடித்துக்கொண்டு அடுத்த தடவை மேனேஜரிடமே நேராகப் போனேன். படித்துப் பார்த்துவிட்டு அன்றே திறந்து கொடுத்தார். பாப்பா தன் கையெழுத்தைத் தானே போட்டாள். அப்பா கையெழுத்து கேட்டுக் கேட்டு நான் நொந்துபோயிருந்த நேரத்தில் அதைப் பார்த்தது எவ்வளவு நிம்மதி தெரியுமா? பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் இந்த வழி கிடையாது, கார்டியன் வேண்டும். வங்கிக்கு வங்கி நிபந்தனை மாறலாம், அதையும் முன்னாலேயே கேளுங்கள்.

ரேஷன் கார்டு மட்டும் இன்னும் முடியவில்லை. பிள்ளை பெயர் அப்பா கார்டில் இருக்கிறது, நீக்கப் போனால் ஓ.டி.பி. அவர் நம்பருக்குப் போகிறது, அந்த நம்பர் இப்போது உபயோகத்திலேயே இல்லை. ஆணை நகலோடு வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்து மனு கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்கிறேன். இதே சிக்கலில் பெயரை மாற்றி முடித்தவர்கள் யாராவது இருந்தால், என்ன தாள் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.