மூன்றாவது பந்து

2 மே 2024, வியாழன்

அப்பாவுக்கு ஆபரேஷன் 20ஆம் தேதி என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் பதினெட்டு நாள்.

அதே நாள், இரவு

ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் சாமானைப் பிரித்து அப்பா கையில் கொடுத்தேன். பக்கத்தில் பக்கத்தில் மூன்று கூடு, கூட்டுக்கு ஒரு நீலப் பந்து, அடியிலிருந்து வளைந்து வரும் ஒரு குழாய், குழாயின் நுனியில் வாய் வைக்கும் இடம். கூடுகளின் மேல் 600, 900, 1200 என்று அச்சிட்டிருக்கிறது. விநாடிக்கு அத்தனை மில்லி காற்றை இழுத்தால் அந்தந்தப் பந்து எழும்.

"இன்னா இது, கொயந்தைங்க ஆட்ற சாமானா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாயில் வைத்து ஊதினார். ஒரு பந்தும் அசையவில்லை. இன்னும் பலமாக ஊதினார். முகம் சிவந்து இருமல் வந்துவிட்டது.

"ஊதக் கூடாதுப்பா. உறிஞ்சணும். இளநி குடிக்கிற மாதிரி."

"அத்த மொதல்லயே சொல்ல மாட்டியா."

முதல் பந்து எழுந்தது. இரண்டாவது கொஞ்சம் நடுங்கிவிட்டு உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது அசையவே இல்லை. மணிக்குப் பத்து முறை செய்ய வேண்டுமாம்.

4 மே, சனி

இன்று அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. இன்றிலிருந்துதான் வெயில் என்று பஞ்சாங்கம் சொல்கிறது, வேலூருக்கு அது மார்ச்சிலேயே தெரியும். சத்துவாச்சாரியில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற வீட்டில் மத்தியானம் இரண்டு மணிக்குச் சுவரைத் தொட முடியவில்லை. குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டுகிறது. ஜன்னலில் ஈரச் சாக்குக் கட்டி, அதன் முன்னால் அப்பாவின் கட்டிலை இழுத்துப் போட்டோம். காலையில் கூழ், பதினோரு மணிக்கு மோர். பந்து இன்னும் அதே நிலைதான்.

தம்பி சிங்கப்பூரிலிருந்து பேசினான். ஐந்து நிமிடம் அப்பா, அப்புறம் அரை மணி நேரம் எல்டன் ரிங் என்ற வீடியோ கேம். ஒரே எதிரியிடம் நாற்பது முறை செத்தானாம். நாற்பத்தொன்றாவது முறை ஜெயித்தபோது கை நடுங்கியதாம். எனக்கு அந்த வகை ஆட்டமே ஆகாது. சாவது ஒரு பாடமாக இருக்கும் இடம் உலகத்தில் அது ஒன்றுதான், அதனால்தான் பிடிக்கிறது என்றான். நான் பதில் சொல்லவில்லை. பக்கத்து அறையில் அப்பா இருமிக்கொண்டிருந்தார்.

5 மே, ஞாயிறு

அந்தக் குழாயில் அப்பா ஊதியது மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் ஊதியவர்கள்தான்.

1996 தீபாவளி போனசில், ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா டிவி கேம் வாங்கி வந்தார். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. மஞ்சள் கேசட் ஒன்று கூடவே வந்தது. அட்டையில் 9999 ஆட்டம் என்று போட்டிருந்தான், உள்ளே திரும்பத் திரும்ப வந்தது ஏழெட்டுதான். மரியோ, கான்ட்ரா, ஒரு டாங்கி ஆட்டம், வாத்து சுடுகிறது. படம் வராமல் திரை சாம்பல் நிறத்தில் துடித்தால் கேசட்டைக் கழற்றி, அடியில் தெரியும் பித்தளைப் பல்வரிசையில் "ஃபூ" என்று ஊதி மாட்டுவோம். படம் வந்துவிடும். அப்பா ஊதினால் கட்டாயம் வரும் என்று தம்பி நம்பினான். கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேசட்டை நீட்டிக்கொண்டு நிற்பான். அப்பா வாயிலிருக்கும் பீடியை எடுத்துவிட்டு ஊதிக் கொடுப்பார்.

ஊதுவதால் ஒன்றும் நடப்பதில்லை என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். கழற்றி மறுபடி மாட்டும்போது பல் சரியாகப் பொருந்துகிறது, அவ்வளவுதான். மூச்சின் ஈரம் உலோகத்தை அரிக்கும், ஊதாதீர்கள் என்று ஜப்பானின் வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோவே சொல்லியிருக்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வேலூரிலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே எல்லாப் பிள்ளைகளும் அதையேதான் செய்திருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

பீடியை அப்பா நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது.

7 மே, செவ்வாய்

ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். நான் கொடுக்கிறேன் என்று போய் உட்கார்ந்தேன். விரலில் குத்திப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், எனக்கு 11.2. "வேற யாராச்சும் இருந்தா கூட்டினு வாங்கக்கா" என்று அந்தப் பெண் அன்பாகத்தான் சொன்னாள். வாசலில் வந்து நின்றபோது அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை. 11.2 பெரிய நோய் ஒன்றும் இல்லை.

கான்ட்ராவில் இரண்டு பேர் ஆடும்போது ஒருவனுக்கு லைஃப் தீர்ந்துவிட்டால் அடுத்தவனிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பட்டனை அழுத்தினால் போதும், கேட்கக்கூட வேண்டாம். தம்பி மட்டும் கேட்பான். "அக்கா, ஒரே ஒரு லைஃப் குடுக்கா." கொடுப்பேன். அவன் உடனே குழியில் விழுந்து சாவான். மறுபடி கேட்பான். அப்படியே இரண்டு பேரும் சேர்ந்து முடிந்து போவோம். எத்தனையோ ஆட்டம் வந்துவிட்டது, நிஜம் போல வெளிச்சம், நிஜம் போல தண்ணீர். அந்த ஒரு ஏற்பாட்டுக்கு இணையாக எதையும் நான் பார்க்கவில்லை.

8 மே, புதன்

முருங்கைக் கீரை. பேரீச்சை. மாதுளை. பத்து நாளில் 1.3 ஏறுமா?

10 மே, வெள்ளி

அட்சய திருதியை. லாங்பஜார் பக்கம் போகவே முடியவில்லையாம். அம்மா ஒரு கிலோ கல்லுப்பு வாங்கி வந்தார், தங்கத்துக்குப் பதில்.

தினமும் காலையில் அம்மா டிவியில் ராசிபலன் பார்க்கிறார். அப்பாவுக்கு விருச்சிகம். "இன்று பொறுமை தேவை" என்றால் அப்பாவுக்குக் கேட்காதபடி ஒலியைக் குறைத்துவிடுகிறார். முன்பெல்லாம் இதற்கு எரிச்சல்படுவேன். இப்போது ராத்திரி தூக்கம் வராமல் லேப்டாப்பில் ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை ஆட்டம் ஆடுகிறேன். அதில் என் பண்ணை வீட்டிலும் ஒரு டிவி இருக்கிறது. காலையில் எழுந்ததும் அதில் ஒரு ஜோசியக்காரி இன்றைய அதிர்ஷ்டம் எப்படி என்று சொல்வாள். அவள் நல்லபடி சொன்னால்தான் சுரங்கத்துக்கே போகிறேன். அங்கே அது வெறும் பேச்சு இல்லை, அந்த நாளுக்கென்று ஒரு எண் உண்மையாகவே போடப்பட்டிருக்கிறது. அம்மாவும் அப்படி ஒரு எண் இருக்கிறது என்றுதான் நம்புகிறார். இதில் அவரைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஆட்டம் எனக்கு ஏன் பிடிக்கிறது என்றால், எரிக் பரோன் என்ற ஒரே ஆள் பல வருடம் உட்கார்ந்து படம், பாட்டு, கதை எல்லாவற்றையும் தானே செய்து 2016-இல் வெளியிட்டது. விதை போட்டால் நான்காவது நாள் வெள்ளை முள்ளங்கி போல ஒரு கிழங்கு கிடைக்கும். தண்ணீர் ஊற்றினால் போதும். இன்னொரு விஷயம், அதில் தூங்கினால்தான் அன்றைய நாள் சேவ் ஆகும்.

மணி 2.50.

12 மே, ஞாயிறு

இரண்டாவது பந்து ஏறி நின்றது! ஒரு நொடி, ஒன்றரை நொடி. அப்பா குழாயை எடுத்துவிட்டு "பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன்.

தம்பியுடன் சண்டை. எளிதாக்கி ஆடுவது ஆட்டமே இல்லை என்கிறான். மேல மேல, கீழ கீழ, இடம் வலம், இடம் வலம், பி, ஏ. இதை மனப்பாடமாக அழுத்தி முப்பது லைஃப் வாங்கி ஆடியவன்தானே நீ என்றேன். அப்போது சின்னப் பையன் என்கிறான். அந்த வரிசையை உண்டாக்கியவர் கஸுஹிசா ஹஷிமோட்டோ. 1986-இல் கிரேடியஸ் என்ற ஆட்டத்தை வீட்டு டிவிக்கு மாற்றும் வேலை அவருக்கு. சோதித்துப் பார்க்க ஆட வேண்டும், அவராலேயே ஜெயிக்க முடியவில்லை. அதனால் தனக்கு ஞாபகம் இருக்கும்படி ஒரு வரிசையை வைத்துக்கொண்டார். அது அப்படியே வெளியே வந்து, இரண்டு வருடம் கழித்து கான்ட்ராவிலும் ஏறிவிட்டது. 2020 பிப்ரவரியில் இறந்துபோனார். முடியாதவன் ஒருவன் வைத்த கதவு அது. அதன் வழியாக எத்தனை பிள்ளைகள் உள்ளே போனார்கள்! கஷ்டம்தான் பெருமை என்று பேசுகிறவர்கள் ஒரு வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இதைத் தம்பியிடம் இவ்வளவு கோபமாகச் சொல்லியிருக்க வேண்டாம். அவனுக்கு அங்கே லீவு கிடைக்கவில்லை. அதுதான் விஷயம்.

14 மே, செவ்வாய்

வைகாசி ஒன்று. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு. அம்மா பிறந்த ஊர். இந்த நிலைமையில் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "இந்த நெலமைலதான் போவணும்" என்றார். பக்கத்து வீட்டு அண்ணனை அப்பாவோடு இருக்கச் சொல்லிவிட்டு முதல் பஸ் பிடித்தோம்.

முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் தலை மட்டும் ஊர்வலமாக வருகிறது. வழியெல்லாம் தேங்காய் உடைக்கிறார்கள், ஒன்றிரண்டு இல்லை, மூட்டை மூட்டையாக. தெருவே இளநீர் வாடை. ஓடு பட்டுவிடாமல் அம்மாவை ஒரு கடைப் படியில் ஏற்றி நிறுத்தினேன். தலை கண்ணில் பட்டதும் அம்மா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். மாலைக்கு நடுவில் மஞ்சளும் குங்குமமும் பூசிய பெரிய முகம், அகலத் திறந்த கண். தோள் மேல் தோளாகக் கூட்டம் அதை நகர்த்திக்கொண்டு போனது. கோபாலபுரம் கோயிலில் காத்திருக்கும் உடம்பில் கொண்டுபோய்ப் பொருத்துவார்கள். ரேணுகையின் கதை. அப்பன் சொல் கேட்டுத் தாயின் தலையை வெட்டியவன் பரசுராமன், அவளுக்கு உயிர் வேண்டும் என்று வரம் கேட்டவனும் அவன்தான். பொருத்தும் அவசரத்தில் தலை வேறு ஒருத்தியின் உடம்புக்குப் போய்விட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா சொன்னார்: "வெட்னவனேதான் உசுரும் வாங்கிக் குடுத்தான். அறுக்கறவங்க கையிலதான எல்லாம் கீது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாலாற்றில் மணல்கூட மிச்சமில்லை, சீமைக்கருவேல்தான் நிற்கிறது. 2021 நவம்பரில் இதே ஆற்றில் கரை தொட்டுத் தண்ணீர் போனதை நானே நின்று பார்த்தேன்.

நான் சாமி கும்பிடுவதில்லை. இன்று கும்பிட்டேனா என்றால், கை தானாக மேலே போனது.

15 மே, புதன்

மூன்றாவது பந்து இல்லை. இரண்டாவதும் இல்லை. அப்பா பேசவில்லை.

இரவு. டெட்ரிஸ் போட்டேன், உடனே மூடிவிட்டேன். 1984-இல் மாஸ்கோவில் பிறந்த ஆட்டம். போன டிசம்பரில்தான் பழைய நிண்டெண்டோவில் 13 வயது அமெரிக்கப் பையன் ஒருவன் 157ஆம் நிலை வரை போய், ஆட்டமே உறைந்து நிற்கும்படி செய்தான். அதுவரை எல்லோருக்கும் அதில் ஒரே முடிவுதான். கட்டை விழுந்துகொண்டே இருக்கும், வேகம் ஏறிக்கொண்டே இருக்கும், ஒரு கட்டத்தில் மேலே முட்டும். இந்த ராத்திரியில் அதை என்னால் பார்க்க முடியாது.

16 மே, வியாழன்

ரத்தப் பரிசோதனை மறுபடி. 11.6.

17 மே, வெள்ளி

தம்பி வந்துவிட்டான்! சொல்லவே இல்லை. சென்னையில் இறங்கி, காட்பாடிக்கு ரயிலேறி, காலை ஏழு மணிக்கு வாசலில் நிற்கிறான். அப்பா அவனைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப்ட்டியா?" இரண்டாவது, அந்தச் சாமானை எடுத்து நீட்டி, "நீ இத்த உறிஞ்சு பாக்கலாம்." தம்பி இழுத்தான். மூன்று பந்தும் டக்கென்று மேலே போய் ஒட்டிக்கொண்டன. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி குழாயைச் சட்டென்று எடுத்துவிட்டான். அவன் முகம் போன போக்கு எனக்குத்தான் தெரியும்.

மத்தியானம் பரணில் ஏறினான். டிவி கேம் இல்லை, கேசட் மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. மஞ்சள் வெளுத்துப் போயிருக்கிறது. அடியில் அந்தப் பல்வரிசையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. எங்கள் மூச்சு. அதில் அப்பாவுடையதும் உண்டு. தம்பி பழக்கத்தில் வாய்க்குக் கொண்டுபோனான். ஊதாதே என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டேன்.

18 மே, சனி

தம்பி ரத்தம் கொடுத்தான். 15.1. பக்கத்து வீட்டு அண்ணனும் கொடுத்தார். டீ, பிஸ்கட் எல்லாம் ஆன பிறகு, "உன் லைஃப் எவ்ளோ வாங்கி செத்திருக்கேன், அக்கா" என்றான். அவனும் ஞாபகம் வைத்திருக்கிறான்.

சாயங்காலம் அம்மா ஒரு வேலை செய்தார். தொழுகை முடிகிற நேரத்துக்கு அப்பாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு மசூதி வாசலுக்குப் போய்விட்டார். தம்பிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இடுப்பில் தூக்கிக்கொண்டு அங்கேதான் நிற்பார். கைக்குழந்தைகளோடு வரிசையாகப் பெண்கள், அந்த வரிசையில் எழுபது வயது அப்பா. வெளியே வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்று, உதட்டுக்குள் ஓதி, அப்பாவின் நெற்றியில் ஊதிவிட்டுப் போனார்கள். ஒரு பையனுக்குப் பதினைந்து வயதுகூட இருக்காது. எட்டவில்லை என்று அப்பா குனிந்து கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

19 மே, ஞாயிறு

சேர்த்தாயிற்று. இரவு பத்துக்கு மேல் தண்ணீர்கூட இல்லை. ஜன்னலிலிருந்து கோட்டை மதிலின் விளக்கு தெரிகிறது. அம்மா அதைப் பார்த்து அங்கிருந்தே கும்பிட்டார். கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலை நினைத்துத்தான். 1981 வரை உள்ளே மூலவர் இல்லாத கோயில் அது. சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தைத் திரும்பக் கொண்டுபோய் வைத்த நாளில் தானும் ரோட்டில் நின்றதாக அம்மா சொல்வார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது.

அப்பா தூங்கிவிட்டார். நான் தூங்கவில்லை. சாமான் தலைமாட்டில் இருக்கிறது. கடைசியாக எட்டரை மணிக்கு இழுத்தார், இரண்டு நின்றது, மூன்றாவது

பாதியில் எழுந்து போனேன். நர்ஸ் கூப்பிட்டார். ஒரு கையெழுத்து.

20 மே, திங்கள்

காலை 6.10. கொண்டுபோகிறார்கள். தம்பி தள்ளுவண்டியோடு லிஃப்ட் வரைக்கும் போயிருக்கிறான். அப்பாவின் மூக்குக் கண்ணாடி, மோதிரம், பல் செட் என் மடியில்.