எட்டு டிஸ்க், ஒரு டேப், பாலக்கோட்டு பீரோ

2023 ஏப்ரலில் ஒரு சாயங்காலம். ஓசூரில் கோடை மழை இடியோடு கொட்டியது. கரண்ட் போச்சு, வந்தது, மறுபடியும் போச்சு. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் யுபிஎஸ் கைவிட்டுவிட்டது. மறுநாள் காலை ஆய்வகத்தைத் திறந்தபோது எங்கள் தரவெல்லாம் சேமித்திருந்த நாஸ் என்ற பிணையச் சேமிப்புப் பெட்டியின் நான்கு பச்சை விளக்குகளில் மூன்றாவது மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

எங்களுடையது சிறிய விதை உயிர்த்தொழில்நுட்ப நிறுவனம். ஓசூரில் ஆய்வகமும் நிழல்வலைக் கூடாரமும், பாலக்கோடு பக்கம் வயல். இலைச்சுருள் நோயைத் தாங்கும் தக்காளி ரகங்களை உருவாக்குவதுதான் முக்கிய வேலை. வெள்ளை ஈ பரப்பும் இந்த வைரஸ் கோடையில் எப்படி வெறியாட்டம் ஆடும் என்பதை ராயக்கோட்டை, பாலக்கோடு விவசாயிகளிடம் கேட்டால் தெரியும். காட்டுத் தக்காளி இனங்களிலிருந்து வந்த டிஒய்-1, டிஒய்-2, டிஒய்-3 போன்ற எதிர்ப்பு மரபணுக்கள் எந்தச் செடியில் எத்தனை சேர்ந்திருக்கின்றன என்று டிஎன்ஏவில் பார்ப்போம். அதே செடி வயலில் எப்படி நிற்கிறது என்று தினமும் படம் எடுப்போம். இரண்டையும் பொருத்திப் பார்த்துத்தான் எந்தச் செடியை எதோடு சேர்ப்பது என்று முடிவாகும். அந்தத் தரவுகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அந்தப் பெட்டியில் 8 டிபி டிஸ்க் நான்கு, ரெய்டு-5 முறையில். ஒரு டிஸ்க் போனால் மற்ற மூன்றையும் வைத்து அதை மீட்டுவிடலாம் என்று நம்பி இருந்தோம். புது டிஸ்க் போட்டோம், மீட்பு ஓட ஆரம்பித்தது. மூன்று டிஸ்க்குகளையும் முதலிலிருந்து கடைசி வரை ஒரு இடம் விடாமல் படித்தாக வேண்டும். அவையும் அதே நாளில் வாங்கியவை, அதே இடியைத் தாங்கியவை. இரண்டாவது நாள் 61 சதவீதத்தில் இன்னொரு டிஸ்க் ஓரிடத்தைப் படிக்க முடியாமல் நின்றது. 'டிக், டிக்' என்று ஒரே சீராகச் சத்தம். பெட்டி அத்தோடு மீட்பைக் கைவிட்டது.

பெங்களூரில் தரவு மீட்கும் ஒருவரிடம் கொடுத்ததில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. வராமல் போனதில் தைப்பட்டச் சோதனையின் 11 வாரப் படங்கள் இருந்தன. டிஎன்ஏ வரிசைத் தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வரிசைப்படுத்திக் கொடுக்கும் நிறுவனம் கூரியரில் அனுப்பிய ஹார்ட் டிஸ்க்குகள் அலமாரியில் அப்படியே கிடந்தன. அதைத்தான் உயிராகக் காத்துவந்தோம், ஏனென்றால் அதற்குத்தான் காசு கொட்டிக் கொடுத்திருந்தோம். படங்களைச் சாதாரணமாக நினைத்தோம். ஆனால் இலை சுருள ஆரம்பித்த அந்த வாரத்தில் செடி எப்படி இருந்தது என்பதை இனி எந்தக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. அதற்குள் செடிகள் காய்ப்புக்கு வந்துவிட்டன.

நிர்வாக இயக்குநர் கூப்பிட்டார். "கிளவுடா, சொந்த சர்வரா? ஒரு வாரத்துல முடிவு பண்ணிச் சொல்லுங்க." அப்போது நாங்கள் 9 பேரிலிருந்து 34 பேராகியிருந்தோம், இன்னும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தோம்.

கெடு ஒரு வாரம்தான், ஆனால் முதல் மூன்று வாரம் நான் செய்தது தவறான வேலை. விற்பனைப் பிரதிநிதிகளை வரிசையாகக் கூப்பிட்டேன். ஆளுக்கொரு விலைப்பட்டியல் கொடுத்தார்கள். வேகம், விலை, உத்தரவாதம் என்று பெரிய அட்டவணை போட்டேன். எதை வைத்தும் முடிவுக்கு வர முடியவில்லை. எல்லாப் பொருளும் ஏதோ ஒரு வேலைக்கு நல்லதாகத்தான் இருந்தது. எங்கள் வேலை எது என்றுதான் நான் எழுதி வைக்கவே இல்லை.

வழி காட்டியவர் பாலக்கோட்டில் வயலைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். விதை எடுக்கும் கூடத்தில் உட்கார்ந்து நான் புலம்பியதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, நாங்க கரு விதைய ஒரு இடத்துல வைப்போம், வல்லுநர் விதைய ஒரு இடத்துல வைப்போம், விக்கிற விதை குடோன்ல கிடக்கும். கரு விதை போச்சுன்னா எல்லாம் போச்சு, அதனால அது ரெண்டு இடத்துல இருக்கும். விக்கிற விதை போனா அடுத்த பட்டத்துல எடுத்துக்கலாம். நீங்க என்னடான்னா எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டி வெச்சிருக்கீங்க."

அன்று ராத்திரியே உட்கார்ந்து எங்களிடம் இருந்த ஒவ்வொரு கோப்பும் எங்கே பிறந்தது, யார் படிக்கிறார்கள், காணாமல் போனால் எப்படித் திரும்பி வரும் என்று எழுத ஆரம்பித்தேன். நாஸ், வெளி ஹார்ட் டிஸ்க், ஆளாளுக்கு வைத்திருந்த லேப்டாப் எல்லாம் சேர்த்து மொத்தம் 46 டிபி. அதில் 21 டிபி இடைநிலைக் கோப்புகள், அதாவது வரிசைகளை மேற்கோள் மரபணுத்தொகையோடு (ஒப்பிடுவதற்கென வைத்திருக்கும் தக்காளியின் முழு டிஎன்ஏ வரிசை) பொருத்தும்போது உண்டாகும் பேம் கோப்புகளும் அவற்றின் நகல்களும். நேரம் கொடுத்தால் கணினியே திரும்பச் செய்து கொடுத்துவிடும். மூல வரிசைகள் 14 டிபி. தக்காளியின் மரபணுத்தொகை சுமார் 90 கோடி எழுத்து. அதை 30 மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 30 தடவை படித்தால் ஒரு செடிக்குச் சுருக்கிய கோப்பே 15 ஜிபி அளவுக்கு வந்துவிடுகிறது. இது போனால் காசு போகும். ஆனால் இலைத்துண்டு மைனஸ் 80 டிகிரிப் பெட்டியில் இருக்கும்வரை மறுபடி படித்துக்கொள்ளலாம். வயல் படங்கள் 9 டிபி. திரும்ப வரவே வராதது இதுதான், கூடவே வயல் குறிப்பேடுகளும் மாதிரிகளின் தரவுத்தளமும். தரவுத்தளம் மொத்தமே 40 ஜிபி. ஆனால் எந்த இலைத்துண்டு 96 குழித் தட்டின் எந்தக் குழியில் இருக்கிறது என்று சொல்வது அது ஒன்றுதான். அது இல்லாவிட்டால் 14 டிபி வரிசைக்கும் அர்த்தம் கிடையாது.

இதை எழுதி முடித்ததுமே பாதிச் சுமை குறைந்துவிட்டது. பேம் கோப்புகளில் தேவையானதை மட்டும் க்ராம் வடிவத்துக்கு மாற்றினோம். மேற்கோள் வரிசையிலிருந்து மாறுபடும் எழுத்துகளை மட்டும் எழுதி வைப்பதால் க்ராம் இடத்தை நன்றாக மிச்சப்படுத்தும். படிக்கும்போது அதே மேற்கோள் கோப்பு கையில் இருக்க வேண்டும் என்பதால் அதையும் கூடவே பூட்டி வைத்தோம். மற்றதை அழித்தோம். அழிப்பதற்கு எல்லாரும் பயந்தார்கள். ஒரு கோப்பை அழித்து, மூலத்திலிருந்து மறுபடி உருவாக்கிக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார்கள்.

கிளவுடா, சொந்த சர்வரா என்ற கேள்விக்கு ஒரு கணக்குதான் பதில் சொன்னது. எங்கள் இணைப்பு 100 எம்பிபிஎஸ். அது முழு வேகத்தில் ஓடினாலே 1 டிபி ஏற்ற 22 மணி நேரம் ஆகும். எங்களிடம் மிஞ்சிய 25 டிபிக்கு இரவும் பகலும் விடாமல் 23 நாள். படங்களை வாரத்துக்கு ஒருமுறையாவது மொத்தமாக எடுத்து அலசுகிறோம். அதை ஒவ்வொரு தடவையும் கிளவுடிலிருந்து இறக்கினால் இறக்குவதற்கும் கட்டணம் உண்டு, வைத்திருக்கும் வாடகை தனி. எனவே அன்றாடம் புழங்குவது ஓசூரிலேயே இருக்கட்டும், திரும்ப வராததன் நகல் மட்டும் கிளவுடுக்குப் போகட்டும் என்று முடிவானது.

ஓசூர் சர்வருக்கு இசட்எஃப்எஸ் கோப்பு முறையைத் தேர்ந்தெடுத்தேன். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கி 2005இல் திறந்த மூலமாக வெளியிட்டது. எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் அது ஒரு சரிபார்ப்பு எண் போட்டு வைக்கிறது. படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால் மற்ற டிஸ்க்கில் இருப்பதை வைத்துத் தானே திருத்திக்கொள்ளும். மாதம் ஒருமுறை மொத்தத்தையும் தானாகப் படித்துச் சோதிக்கவும் வைக்கலாம். பழைய பெட்டியில் அப்படிச் சோதிக்கும் வேலையை யாருமே அமைத்திருக்கவில்லை. இரண்டாவது டிஸ்க்கில் இருந்த பழுதான இடம் பல மாதமாக அங்கேயே இருந்திருக்கக்கூடும். யாரும் படிக்காததால் தெரியவில்லை.

ஆனாலும் என்னை முழுதாக இழுத்தது வேறொரு குணம். 9 டிபி படம் என்பது 19 லட்சம் கோப்பு. முன்பெல்லாம் நகல் எடுக்கும்போது எது மாறியது என்று 19 லட்சத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே ராத்திரி கழிந்துவிடும், ஒரு படத்தைக்கூட நகலெடுத்திருக்காது. இசட்எஃப்எஸ்ஸில் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியில் எல்லாம் இருக்கும் நிலையின் பதிவு, எடுத்து அனுப்பினால், நேற்றைய ஸ்னாப்ஷாட்டுக்கும் இன்றையதற்கும் இடையே மாறிய துண்டுகள் எவை என்று அதற்கே தெரியும். கோப்புகளைத் தேடவே வேண்டாம். எங்கள் தினசரி நகல் இப்போது ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

டிஸ்க் வாங்கும்போது ஒரு விஷயத்தில் மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். குறைந்த விலைக்கு வந்த டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் வகை. கூரை ஓடு மாதிரி தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும். இடையில் ஒரு தடத்தை மாற்றினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். சேமித்துவிட்டுச் சும்மா வைக்க ஒத்துவரும், ஆனால் பழுதான டிஸ்க்கை மாற்றி மீட்கும்போது இழுத்தடித்துவிடும். விலைப்பட்டியலில் அந்த வார்த்தையே இல்லை. மாடல் எண்ணை வைத்துத் தொழில்நுட்பத் தாளைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் எழுதும் சிஎம்ஆர் வகைதான் வேண்டும் என்று கொள்முதல் உத்தரவிலேயே எழுதிவிட்டேன். நீங்கள் வாங்கினாலும் எழுத்தில் கேளுங்கள்.

16 டிபி டிஸ்க் எட்டு. எந்த இரண்டு போனாலும் தாங்கும் ரெய்டு-இசட்2 அமைப்பு. ஆறு டிஸ்க் அளவு, 96 டிபி, நமக்குக் கிடைக்கும். திரையில் 87 என்றுதான் காட்டும், 1000க்கும் 1024க்கும் உள்ள வித்தியாசம் அது. முக்கால் பங்குக்கு மேல் நிரம்பினால் வேகம் குறையும் என்பதால் 70 சதவீதம் வரைதான் நிரப்புவோம் என்று வைத்துக்கொண்டோம். எட்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காமல் இரண்டு தவணையாக வாங்கினேன். தரவுத்தளத்துக்கு மட்டும் இரண்டு எஸ்எஸ்டி தனியாக. யுபிஎஸ்ஸை சர்வரோடு கேபிளில் இணைத்தோம். பேட்டரி தீருவதற்குள் சர்வர் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும்.

கணக்குப் பிரிவில் கொட்டேஷனைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு எதுக்கு மேடம், வெளி ஹார்ட் டிஸ்க் பத்து வாங்கினா போதாதா?" என்றார்கள். நியாயமான கேள்விதான். தைப்பட்டச் சோதனைக்கு நிலக் குத்தகை, நாற்று, சொட்டுநீர், கூலி, படம் எடுத்தவர்களின் சம்பளம் என்று ஆன செலவை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். சர்வர் விலை அதைவிடக் குறைவு. அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

சர்வர் வந்ததும் தரவை ஏற்றவில்லை. பொய்க் கோப்புகளை நிரப்பிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவினேன். மீட்பு நடக்கும்போது இன்னொன்றையும் உருவினேன். கை நடுங்கியது உண்மை. விளக்குகள் இரண்டும் ஆரஞ்சு, ஆனால் கோப்புகள் திறந்தன. புது டிஸ்க் போட்டு மீட்பு முடிந்த பிறகு ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட்டோம். ஒன்றுகூடத் தவறவில்லை. அதற்கு அடுத்த நாள்தான் உண்மைத் தரவு உள்ளே போனது.

மிச்சம் இருந்தது நீண்டகாலச் சேமிப்பு. தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001இன்படி பயிர் ரகம் ஒன்றைப் பதிவு செய்தால் 15 ஆண்டு பாதுகாப்பு. அந்த 15 ஆண்டில் எப்போது யார் கேள்வி கேட்டாலும் இந்த ரகம் எங்கிருந்து வந்தது, எப்படி வேறுபட்டது என்று காட்ட எங்களிடம் ஆதாரம் இருக்க வேண்டும். டிஸ்க்கை ஐந்து ஆண்டுக்கொருமுறை மாற்றுவது எங்கள் வழக்கம். எனவே டேப்புக்குப் போனோம். எல்டிஓ என்ற காந்த நாடா வகையில் எட்டாவது தலைமுறையான எல்டிஓ-8, ஒரு கேட்ரிட்ஜில் 12 டிபி. டிரைவ் விலை லட்சங்களில், கேட்ரிட்ஜ் ஆயிரங்களில். எழுதி முடித்து வெளியே எடுத்துவிட்டால் இடியும் தொடாது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸும் தொடாது.

முதல் டேப்பில் படங்களைத் தனித்தனிக் கோப்பாக எழுதினோம், திரும்ப எடுக்கத் தாவு தீர்ந்துவிட்டது. இப்போது ஒரு நாள், ஒரு பாத்தி என்று கட்டி ஒரே கோப்பாக்கி எழுதுகிறோம், உள்ளடக்கப் பட்டியல் தனியாக சர்வரில் இருக்கும். கிளவுடுக்கும் அதே கட்டுதான் போகிறது. அங்கே மலிவான ஆவணக் கிடங்கில், கோப்பு ஒவ்வொன்றுக்கும் விவரக்குறிப்பு இடம் என்று சிறு கூடுதல் கட்டணம் உண்டு. 19 லட்சம் சிறு கோப்பாக அனுப்பியிருந்தால் அதுவே ஒரு பில்லாக வந்திருக்கும்.

ஒவ்வொரு டேப்பும் இரண்டு. ஒன்று ஓசூரில், இன்னொன்று பாலக்கோட்டில். விதை வைக்கும் குளிர் அறையில் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். டேப்பை 16 முதல் 25 டிகிரியில், ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறார்கள். விதை அறை அதைவிடக் குளிர்ச்சி, வெளியே எடுக்கும்போது வேர்த்துவிடும். எனவே வயல் அலுவலகத்தில் ஏசி இருக்கும் அறையில் அண்ணனின் இரும்பு பீரோ. பட்டம் முடிந்ததும் டேப்பைப் பஞ்சுப் பெட்டியில் வைத்து தர்மபுரி போகும் ரயிலில் ஏறிவிடுகிறேன், ராயக்கோட்டை தாண்டி பாலக்கோட்டில் இறங்குவேன். கரு விதைப் பதிவேட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, வந்த தேதி, டேப் எண், என் கையெழுத்து என்று அண்ணன் வாங்கிக்கொள்கிறார். ஆறு மாதத்துக்கொருமுறை அவர் பீரோவிலிருந்து ஏதாவது ஒரு டேப்பை அவரே எடுத்துக் கொடுப்பார். அதைப் படித்துக் காட்ட வேண்டும். எந்த டேப் என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. டேப் நிலைத்தாலும் அதைப் படிக்கும் டிரைவ் 15 ஆண்டு ஓடும் என்று சொல்ல முடியாது. எல்டிஓ-9 டிரைவ் எங்கள் எல்டிஓ-8 டேப்புகளைப் படிக்கும். 2025இல் வந்த எல்டிஓ-10 பழைய தலைமுறை டேப்புகளைப் படிக்காது. எனவே அடுத்த நிதியாண்டுக்கு எல்டிஓ-9 டிரைவ் ஒன்று கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.