இரண்டு பெயரில் கிடந்த கட்டுரைகள்

பதவி உயர்வு விண்ணப்பத்தில் சின்னதாக ஒரு கட்டம் இருந்தது. 'எச்-இன்டெக்ஸ்', அதாவது கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களை வைத்துப் போடும் எண், எவ்வளவு என்று எழுத வேண்டும். அதை நிரப்ப உட்கார்ந்த அன்றுதான், பல்கலைக்கழகம் ஏற்கும் ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் நான் இரண்டு ஆளாக இருப்பது தெரிந்தது. ஒருத்திக்கு 14 கட்டுரை, இன்னொருத்திக்கு 9. இரண்டு பேரும் நான்தான்.

நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவில் வளர்ந்தவள். பதினைந்து வருடமாக வாய்ப் புற்றுநோய் பற்றித்தான் ஆராய்ச்சி. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பாவின் பெயர்தான் முன்னெழுத்து. இங்கே இருந்து எழுதிய கட்டுரைகளில் அப்படியே போட்டேன். வெளிநாட்டில் முனைவர் பட்டம் செய்தபோது பாஸ்போர்ட்டில் இருந்தபடி போட்டார்கள். அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது, என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது. போதாததற்கு எழுத்துக்கூட்டலும் வேறு. பிறப்புச் சான்றிதழில் 'த'வுக்கு வெறும் டி; பள்ளிக்கூடச் சான்றிதழில் டியோடு ஓர் எச். பெயரும் வேறு, நிறுவனமும் வேறு என்றால் கணினி வேறு ஆள் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

முதலில் எந்தத் தளத்துக்கும் போகவில்லை. ஒரு போயா லீவு நாளில் கொப்பி ஒன்றை எடுத்து, தலைப்பு, வருடம், ஆய்விதழ், என் பெயர் அச்சான விதம், டிஓஐ இலக்கம் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய அடையாள எண்) என்று கட்டம் போட்டு எல்லாக் கட்டுரைகளையும் எழுதினேன். 27 வந்தது. இதைச் செய்யப்போகிறவர்களுக்கு நான் சொல்வது, இந்தக் கொப்பி வேலையைத் தாண்டிப் போகாதீர்கள். பிறகு யார் என்ன கேட்டாலும் பதில் அதில் இருக்கும்.

அப்புறம் ஓர்கிட், ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் அடையாள இலக்கம். 2012இல் தொடங்கியது, 16 இலக்கம், காசு இல்லை. பெயர் எப்படி மாறினாலும் அந்த இலக்கம் மாறாது. நம் போன்ற பெயர்க்காரருக்கு இதைவிட உதவியான ஒன்று இல்லை. டிஓஐ கொடுத்துக் கொடுத்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன், ஒரே மாலையில் முடிந்தது. அதற்குப் பிறகு தரவுத்தளத்தில் இரண்டு பதிவையும் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்தேன். மூன்று வாரத்தில் சேர்ந்தது. இன்னொரு தளத்தில், என் முன்னெழுத்தும் பெயரும் உள்ள யாரோ ஒருவருடைய கொங்கிரீட் ஆய்வு என் பட்டியலில் தானாகச் சேர்ந்திருந்தது. அன்றே நீக்கினேன். என்னைக் கேட்காமல் எதையும் சேர்க்காதபடி அமைப்பையும் மாற்றி வைத்தேன். அடுத்தவர் உழைப்பு ஒரு நாள்கூட நம் கணக்கில் இருக்கக் கூடாது.

எச்-இன்டெக்ஸ் விஷயத்தில் நானே தப்புக் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு பதிவில் 7, இன்னொன்றில் 5, சேர்த்தால் 12 வரும் என்று நினைத்தேன். அப்படி வராது. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டு வந்த அளவு இது. 9 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 9 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால்தான் 9 வரும். கலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, கூடுதல் மேற்கோள் உள்ள பத்துக் கட்டுரைகளின் எண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக எழுதினேன்: 61, 44, 38, 27, 22, 19, 15, 13, 11, 9. ஒன்பதாவது 11, சரி. பத்தாவது 9, பத்துக்கு ஒன்று குறைகிறது. ஆக 9 தான். கூகுள் ஸ்கொலரில் அதைவிடக் கூடுதலாகக் காட்டியது. ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம் எல்லாவற்றிலும் வரும் மேற்கோள்களை அது எண்ணும். விண்ணப்பத்தில் எந்தத் தளம், எந்தத் தேதி என்று சேர்த்தே எழுதினேன்.

சேராமல் நின்றவை நான்கு. அந்தத் தரவுத்தளம் எடுத்துக்கொள்ளாத உள்ளூர் ஆய்விதழ்களில் வந்தவை. அவற்றில் ஒன்றுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரியது. தோட்டத்து டிஸ்பென்சரிகளில் வெத்தலை போடுகிறவர்களின் வாயைப் பார்த்து எழுதியது. மொத்தம் 3 மேற்கோள்.

அந்த ஆய்வின் முதல் நாள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு பெரியம்மா, கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்தார். வாயைத் திறக்கச் சொன்னேன். அவருடைய மூன்று விரல் போக வேண்டிய இடத்தில் ஒன்றரை விரல்தான் போனது. மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே அளவுகோலை வைத்தேன், 21 மில்லிமீட்டர். கன்னத்தின் உள்பக்கம் வெளிறி, தொட்டால் நார் நாராக இறுகிக் கிடந்தது. "பொயில போடுறதில்ல புள்ள, வெறும் பாக்குதான்" என்றார். பாக்கு மட்டுமே போதும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் 2004இல் வெளியிட்ட 85ஆவது தொகுதியில், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. தோட்டத்தில் இதைக் காதுகொடுத்துக் கேட்கவைப்பதுதான் கஷ்டம். பசிக்கும் குளிருக்கும் வெத்தலைதானே துணை.

அந்தக் கட்டுரைக்குப் பிறகு, நாங்கள் போன டிஸ்பென்சரிகளில் வைத்திய உதவியாளர்கள் டோர்ச் அடித்து வாயைப் பார்க்கத் தொடங்கினார்கள். புது யோசனை ஒன்றுமில்லை. ஆரம்ப சுகாதார ஊழியர்களைப் பழக்கினால் வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்கலாம் என்று சமன் வர்ணகுலசூரியவும் கூட இருந்தவர்களும் இலங்கையில் செய்த ஆய்வு, 1984இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்துவிட்டது. நாங்கள் அதை லயங்களுக்குக் கொண்டு போனோம், அவ்வளவுதான். இதை எந்த எண்ணில் எழுதுவது?

பல நாள் யோசித்தேன். ஆய்விதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோளை, வைத்து ஓர் ஆராய்ச்சியாளரை எடைபோடக் கூடாது, ஆய்வின் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் ஒன்று இருப்பதை நூலகத்து அக்கா எடுத்துக் காட்டினார். அதை மேற்கோள் காட்டி, அந்த ஒரு கட்டுரைக்காகத் தனியாக ஒரு பக்கம் எழுதினேன். வைத்திய உதவியாளர் ஒருவரிடம் கடிதம் வாங்கி இணைத்தேன். நேர்முகத்தில் வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் முதலில் திருப்பியது அந்தப் பக்கத்தைத்தான். கன்னத்தின் இறுக்கத்தை எப்படி அளந்தீர்கள், அளந்தவர் மாறினால் அளவு மாறாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதைப் போல் சந்தோஷமாக நான் எந்த நேர்முகத்திலும் பேசியதில்லை. ஐந்து மாதத்தில் பதவி உயர்வுக் கடிதம் வந்தது.

பழைய கட்டுரைகளில் பெயரைத் திருத்தச் சொல்லி ஆய்விதழ்களுக்கு எழுதலாமே என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். எழுதவில்லை. 61 மேற்கோள் உள்ள கட்டுரை அப்பாவின் பெயரில்தான் உலகமெல்லாம் போகிறது. கவ்வாத்துக் கத்தி பிடித்த கை அவருடையது. சம்பளப் புத்தகத்தில் தவிர வேறெங்கும் அந்தப் பெயர் அச்சில் வந்ததில்லை. அது அங்கேயே இருக்கட்டும்.

இப்போது என்னிடம் பொகவந்தலாவையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கும் மூன்று சான்றிதழில் மூன்று எழுத்துக்கூட்டல். போன மாதம் முதல் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் அரை நாள் உட்கார்ந்தோம். எந்தப் பெயர், எந்த எழுத்து என்று அவளே முடிவு செய்து கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினாள், கீழே ஓர்கிட் இலக்கம். பிறகுதான் அனுப்பினோம்.