மணியும் கறுப்புப் பைச் சுருளும்

பிரிட்டனில் காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற வீட்டு வண்டியான காரவனைப் போட இடம் கேட்டுப் போனால், முகாம் வாசலில் இருந்த அம்மாள் முதலில் விசாரித்தது எங்கள் நாயைத்தான். பெயர் என்ன, குரைக்குமா, கயிறு இருக்கிறதா. மணி என்றதும் குனிந்து அவனுக்கு ஒரு பிஸ்கட். எங்கள் பெயரை அப்புறம் கார் எண்ணோடு சேர்த்து எழுதிக்கொண்டார். ஊரில் தெருவோடு போகிற மணிகளை யாராவது இப்படி உபசரித்ததுண்டா? சிரிப்பு தாங்கவில்லை, கையில் அந்தக் கறுப்புப் பைச் சுருளைத் திணிக்கும் வரை.

இந்த நாட்டுக் குளிருக்குப் பழகிவிட்டேன், வரிசையில் நிற்கப் பழகிவிட்டேன், இதற்கு மட்டும் முடியவில்லை. பையைக் கையில் மாட்டி, குனிந்து, மணி போட்டதை அள்ளி, உள்பக்கம் வெளியே வரப் புரட்டி முடிச்சுப் போட வேண்டும். பிளாஸ்டிக் வழியாக அந்தச் சூடு விரலில் தெரியும் பாருங்கள், அப்போதே டிக்கெட் போட்டு ஊருக்குப் போய்விடலாம் போலிருக்கும். குப்பைத் தொட்டியாவது பக்கத்தில் இருக்குமா என்றால் முகாமின் மறுகோடியில். வழியில் எதிர்ப்படுகிற எல்லோரும் குட் மார்னிங் சொல்வார்கள், நாமும் பையைத் தொங்கவிட்டபடியே பதில் சொல்லிக்கொண்டு நடக்க வேண்டும்.

காரணம் நியாயமானதுதான். நாய் மலத்தில் உருளைப்புழு முட்டை இருந்தால் அது உடனே தொற்றாது, சில வாரம் மண்ணில் கிடந்த பிறகே ஆளைப் பிடிக்கும், அப்புறம் வருடக்கணக்கில் சாகாது. நாளைக்குக் குழந்தைகள் உருளப்போகிற புல் என்பதால் சுடச்சுட எடுத்துவிடுவதே உத்தமம். புத்திக்குப் புரிகிறது, கை கேட்க மாட்டேன் என்கிறது.

மற்றதெல்லாம் எளிது. காரவனை ஒட்டிப் போடுகிற கூடாரமான ஆவ்னிங்கின் காலில் மணி காலைத் தூக்கினால் உடனே ஒரு வாளித் தண்ணீர், அவ்வளவுதான், இல்லாவிட்டால் புல் மஞ்சளாகக் கருகி நம் பெயரைச் சொல்லும். விரிப்பில் போய்விட்டால், மூத்திரத்தைச் சிதைக்கிற என்சைம் கலந்த கிளீனர். பிளீச் பக்கமே போகாதீர்கள், மூத்திரத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். அம்மோனியா வாசனையுள்ளதும் வேண்டாம், நாய்க்கு அது இன்னொரு நாயின் மூத்திரம், மறுபடி அங்கேயே வந்து நிற்கும். காற்றுப் போகிற தரைவிரிப்பாக இருந்தாலும் அடிக்கடி தூக்கி உலர்த்த வேண்டும். மழையில் நனைந்த மணியை உள்ளே விடும் முன் படியிலேயே துடைத்துவிட வேண்டும், நான்கு காலும் தனித்தனியாக, விரலிடுக்கு உட்பட. ஈர நாயின் வாடை போர்வையில் ஏறினால் இரவு முழுக்க அதோடுதான் படுக்கை.

ஊரில் இதையெல்லாம் வெயில் பார்த்துக்கொண்டது. திண்ணைக்குக் கீழே படுத்திருந்த நாயை அம்மா விளக்குமாற்றால் தட்டி எழுப்பி, அந்த இடத்தில் தண்ணீர் தெளித்துப் பெருக்குவாள். அரை மணியில் காய்ந்துவிடும். நாயும் திரும்ப வந்து அங்கேயே படுக்கும். வாடை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

போன வாரம் போனில் பைச் சமாச்சாரத்தை மெதுவாகச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அது சரி, அவ்வளவு வாடகை குடுத்து வீடு வெச்சிருக்கீங்களே, அதைப் பூட்டிட்டு நாயோட வண்டியில போய் ஏன்டா படுக்கறீங்க?"