எண்டோட்டோவின் தைல மரங்கள்

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு மேலே, 3,000 மீட்டரைத் தாண்டி நிற்கிறது எண்டோட்டோ மலை. பின்னாளில் பேரரசரான இரண்டாம் மெனலிக் முதலில் இங்கேதான் குடியிருந்தார். தாங்க முடியாத குளிர். கீழே ஃபில்வோஹாவில் வெந்நீர் ஊற்று. அவர் மனைவி தாய்த்து அங்கே வீடு கட்டச் சொல்ல, 1886-ல் ஊர் பிறந்தது. ‘புதிய மலர்’ என்ற பொருளில் அடிஸ் அபாபா என்று பெயர் வைத்தவரும் தாய்த்துதான்!

அப்புறம் விறகுப் பஞ்சம் வந்தது. சுற்றியிருந்த காடெல்லாம் அடுப்புக்கே போய்விட, தலைநகரையே மாற்றலாமா என்ற பேச்சும் எழுந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைல மரம்தான் ஊரைக் காப்பாற்றியது. வெட்ட வெட்டத் துளிர்க்கிற மரம்.

அந்தச் சுள்ளிகளை, தன் உயரத்தைவிட நீளமான கட்டாக முதுகில் கட்டி, முகம் தரையைப் பார்க்கக் குனிந்து சரிவில் இறங்கும் பெண்கள்தான் என் மனதை விட்டு அகலவே இல்லை.