அம்மாவோட எஃப்டி எங்க போகுதுன்னு கேட்டேன், மொட்டை மாடி சோலார்ல வந்து நின்னுச்சு

எங்க அப்பா இறந்ததுக்கப்புறம் வந்த பணத்துல நாலு லட்சத்த அம்மா பேர்ல எஃப்டி போட்டு வச்சிருந்தோம், அது 2025 ஏப்ரல்ல மெச்சூர் ஆச்சு. ரினியூவல் பண்ண அம்மாவ கூட்டிட்டு பிராஞ்சுக்கு போயிருந்தேன். ஃபார்ம் ஃபில் பண்ணிட்டு இருக்கும்போது அம்மா சும்மா கேட்டாங்க, "இந்த பணத்த இவங்க என்னடி பண்ணுவாங்க, உள்ளயே வச்சிருப்பாங்களா"ன்னு. இல்லம்மா, யாருக்காவது கடன் குடுப்பாங்கன்னு சொன்னேன். யாருக்குன்னு கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல.

இத ஏன் இவ்ளோ பெருசா சொல்றேன்னா, எங்க வீடு மீஞ்சூர் பக்கம், வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கற ஏரியா. நிலக்கரி லாரி, சாம்பல், இது எல்லாத்தோடவும் வளர்ந்தவ நான். கொசஸ்தலையாத்துல இறால் புடிச்ச குடும்பங்கள் வேற வேலைக்கு போனத கண்ணால பாத்திருக்கோம். அனல்மின் நிலையம் எதுவும் கைக்காசுல கட்டறதில்ல, பெரும்பகுதி கடன்ல தான் கட்டறாங்க, அந்த கடன்ல ஒரு பங்கு பேங்குல இருந்தும் வரும். அப்போ அப்பா உழைச்ச காசே சுத்தி வந்து எங்க வீட்டு மேல சாம்பலா விழுதோன்னு தோணிச்சு. அன்னைக்கு நைட்டு தூக்கமே வரல.

மறுநாள் தனியா போய் கவுண்டர்ல கேட்டேன், "எங்க டெபாசிட் நிலக்கரிக்கு போகாம இருக்கற மாதிரி ஏதாவது இருக்கா சார்"னு. அவர் நல்லவர் தான், ஆனா இந்த மாதிரி கேள்விய அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல போல. "உங்களுக்கு வட்டி வருதில்ல மேடம்"னாரு. நான் வீட்டுக்கு வந்து தேடி படிச்சப்போ தான் க்ரீன் டெபாசிட்னு ஒண்ணு இருக்கறது தெரிஞ்சுது. ரிசர்வ் பேங்க் 2023 ஏப்ரல் 11ம் தேதி இதுக்கு ஒரு விதிமுறை போட்டிருக்கு, அந்த வருஷம் ஜூன் 1ல இருந்து நடைமுறை. இந்த பேர்ல வாங்கற டெபாசிட்ட சோலார், காத்தாலை, மின்சார வண்டி, கழிவு மேலாண்மை, தண்ணி சேமிப்பு, பசுமை கட்டடம் மாதிரி வேலைக்கு தான் குடுக்கணும். நிலக்கரி, பெட்ரோல் எடுக்கறது, அணு மின்சாரம், குப்பைய நேரா எரிக்கறது, 25 மெகாவாட்டுக்கு மேல இருக்கற நீர்மின் நிலையம், இதுக்கெல்லாம் குடுக்கக்கூடாதுன்னு தனி லிஸ்டே இருக்கு. வருஷா வருஷம் வெளியாள் வச்சு சரிபார்க்கணும், எவ்ளோ வாங்கினோம் எங்க போட்டோம்னு வெளிய சொல்லணும். இன்சூரன்ஸும் சாதா டெபாசிட் மாதிரி தான், 5 லட்சம் வரைக்கும். வயசானவங்க பணம், அதனால இத முதல்ல பாத்துக்கிட்டேன்.

பிரிண்ட் எடுத்துட்டு திரும்ப போனேன். பிராஞ்ச்ல அந்த ஸ்கீம் சிஸ்டத்துல இருந்துச்சு, ஆனா அங்க யாரும் அதுவரைக்கும் ஒரு அக்கவுண்ட் கூட ஓப்பன் பண்ணல. ஹெட் ஆபீஸுக்கு ஃபோன் போட்டு கேட்டு, மூணாவது தடவை போனப்போ தான் ரசீது கைக்கு வந்துச்சு. வட்டி சாதா எஃப்டிய விட 0.10 சதவீதம் கம்மி, நாலு லட்சத்துக்கு வருஷத்துக்கு நானூறு ரூபா. அம்மா ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு "நானூறு ரூபா தானே, போடு"ன்னாங்க. அந்த வார்த்தைய நான் மறக்கவே மாட்டேன்.

ஆனா அதோட எனக்கு திருப்தி வரல. அந்த பேங்கோட வருஷ அறிக்கைய உக்காந்து படிச்சேன். க்ரீன் டெபாசிட் கணக்கு அதுல ஒரு சின்ன டேபிள், மொத்த டெபாசிட்டு பக்கத்துல வச்சு பாத்தா கண்ணுக்கே தெரியாது. சுற்றுச்சூழல் பகுதியில பக்கம் பக்கமா எல்இடி பல்பு மாத்தினது, பேப்பர மிச்சம் பண்ணது, ஏடிஎம் மேல சோலார் வச்சது, மரம் நட்டது. எல்லாம் நல்லது தான். ஆனா ஒரு பேங்க் எரிக்கற கரண்டும் டீசலும் எவ்ளோ இருந்துடப் போகுது? அது குடுக்கற கடன வாங்கினவங்க விடற புகை தான் பெரிய கணக்கு, அந்த நம்பர அறிக்கை முழுக்க தேடினேன், கிடைக்கல. இந்த மாதிரி பருவநிலை ரிஸ்க்க பேங்குங்க வெளிய சொல்லணும்னு ரிசர்வ் பேங்க் 2024 பிப்ரவரி 28ல ஒரு வரைவு விட்டிருக்கு. அத மேற்கோள் காட்டி, நிலக்கரிக்கு எவ்ளோ கடன் குடுத்திருக்கீங்கன்னு பேங்குக்கு தமிழ்ல ஒரு லெட்டர் எழுதினேன். "உங்கள் கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது"ன்னு பதில் வந்துச்சு. அதோட சரி.

அப்பதான் தம்பி சொன்னான், அக்கா டெபாசிட் பக்கம் மட்டும் பாத்துட்டு இருக்கியே, கடன் பக்கமும் பாரு, நல்ல கடன் கேக்க ஆளு வேணும்ல, நம்மளே வாங்குவோம்னு. பிரதமர் சூர்ய கர் திட்டத்துல மொட்டை மாடி சோலாருக்கு அப்ளை பண்ண முடிவு பண்ணோம். இது 2024 பிப்ரவரில வந்த திட்டம், ஒரு கோடி வீட்டுக்கு போடணும்னு 75,021 கோடி ஒதுக்கியிருக்காங்க. மானியம் முதல் ரெண்டு கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூணாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000. மூணுக்கு மேல எவ்ளோ போட்டாலும் அதே 78,000 தான்.

முதல் முட்டுக்கட்டை எங்க பக்கமே இருந்துச்சு. ஈபி கனெக்ஷன் இன்னும் அப்பா பேர்லயே இருக்கு. நாலு வருஷமா பில்லு கட்டிட்டு இருக்கோம், பேர் மாத்தணும்னு யாருக்கும் தோணவே இல்ல. கனெக்ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்க தான் திட்டத்தோட போர்ட்டல்ல அப்ளை பண்ணனும், மானியமும் அவங்க அக்கவுண்டுக்கு தான் வரும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, நானும் தம்பியும் ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்தது, எல்லாம் சேத்து அம்மா பேருக்கு மாத்தினோம். இதுல இன்னொரு வேலை, ஆதார்ல அம்மா பேர் ஒரு மாதிரி, பாஸ்புக்ல ஒரு எழுத்து மாறி இருந்துச்சு, அதையும் சரி பண்ண வேண்டியதாச்சு. மே, ஜூன் ரெண்டு மாசம் இதுலயே போச்சு. யாராவது சோலார் போடணும்னு நினைச்சா தயவு செஞ்சு வெண்டர கூப்பிடறதுக்கு முன்னாடி ஈபி கார்டு எடுத்து யார் பேர்ல இருக்குன்னு பாருங்க.

அப்புறம் வெண்டர். மூணு பேர்கிட்ட கோட்டேஷன் வாங்கினோம். ஒருத்தர் ரொம்ப கம்மியா சொன்னாரு, கேட்டுப் பாத்தா வெளிநாட்டு செல் வச்ச பேனல். மானியம் வேணும்னா செல்லும் பேனலும் ரெண்டுமே இந்தியாவுல செஞ்சதா இருக்கணும், டிசிஆர்னு சொல்லுவாங்க, அது கோட்டேஷன்ல எழுத்துல இருக்கான்னு பாக்கணும். கடைசியா எடுத்தது 550 வாட் பேனல் ஆறு, இன்வெர்ட்டர், ஸ்ட்ரக்சர், எர்த்திங், இடிதாங்கி எல்லாம் சேத்து 1,95,000. கிட்டத்தட்ட 300 சதுர அடி நிழல் விழாத இடம் வேணும், தண்ணி டேங்க் நிழல் விழற மூலைய விட்டுட்டு தள்ளி போட்டோம்.

லோனுக்கு ஜன் சமர்த்ங்கற அரசாங்க கடன் போர்ட்டல்ல அப்ளை பண்ணோம், அதே பிராஞ்ச செலக்ட் பண்ணேன், வேணும்னே தான். இந்த திட்டத்துல 2 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேக்க மாட்டாங்க, கைல இருந்து 10 சதவீதம் நம்ம பங்கா, அதாவது மார்ஜினா போட்டா போதும், வட்டி ரெப்போ ரேட்டோட (ரிசர்வ் பேங்க் மத்த பேங்குக்கு கடன் குடுக்கற வட்டி) அரை சதவீதம் கூட்டி. நாங்க வாங்கினப்போ ரெப்போ 5.50, அதனால 6 சதவீதம். நகை லோனே இதுக்கு மேல தான்! அம்மாவுக்கு 66 வயசு, குடும்ப பென்ஷன் தான் வருமானம், பத்து வருஷ லோன்ங்கறதால என்ன கோ அப்ளிகன்டா போட சொன்னாங்க, போட்டேன்.

ஆனா ஃபைல் நகரவே இல்ல. போர்ட்டல்ல "பிராஞ்ச் பரிசீலனையில்"னு மூணு வாரம் அப்படியே நின்னுச்சு. நேர்ல போனா "இன்னைக்கு ஆடிட்", "அந்த ஆபீசர் லீவு". நாலாவது தடவை போனப்போ ஃபீல்டு ஆபீசர் உக்கார வச்சு மனசு விட்டு பேசினாரு. "மேடம், ரெண்டு லட்சம் லோனுக்கும் இருவது லட்சம் லோனுக்கும் பேப்பர் வேலை ஒண்ணு தான், ஆனா எங்களுக்கு மாசக் கடைசியில கேக்கறது மொத்த தொகைய. நகை லோன்னா அரை மணி நேரத்துல முடியும். சோலாருக்கு தனி டார்கெட் ஒண்ணும் கிடையாது"ன்னாரு. எனக்கு கோவம் போயிடுச்சு, அவர் மேல தப்பு இல்லன்னு புரிஞ்சுது. அவரே இன்னொண்ணும் சொன்னாரு, வீட்டு சோலார் கடன் 10 லட்சம் வரைக்கும் முன்னுரிமைத் துறை கடன்ல (விவசாயம், சின்னத் தொழில் மாதிரி ரிசர்வ் பேங்க் முக்கியம்னு சொல்ற வகை) கணக்கு வரும், பேங்க் கடன்ல 40 சதவீதம் அந்த வகையில குடுத்தே ஆகணும்னு விதி இருக்கு, ஆனா விவசாய நகை லோன் அந்த பக்கத்த நிரப்பிடறதால இதுக்கு யாரும் மெனக்கெடறதில்லன்னு. ஒரு நாட்டோட பணம் எந்த பக்கம் ஓடணும்ங்கறத அந்த மேஜை மேல ஒட்டியிருந்த டார்கெட் ஷீட்டு தான் முடிவு பண்ணுது, டெல்லில போடற அறிவிப்பு அங்க வந்து நிக்குது. வருஷ அறிக்கைய எத்தன தடவை படிச்சிருந்தாலும் எனக்கு இது தெரிஞ்சிருக்காது.

அடுத்த வாரம் சாங்ஷன் ஆச்சு. 1,75,500 லோன், எங்க மார்ஜின் 19,500. பணம் நேரா வெண்டர் அக்கவுண்டுக்கு போச்சு, நம்ம கைக்கு வராது. செப்டம்பர்ல ரெண்டே நாள்ல பேனல் ஏத்திட்டாங்க. பத்து கிலோவாட் வரைக்கும் தொழில்நுட்ப அனுமதிய தானா குடுத்ததா எடுத்துக்கறதால அந்த ஸ்டெப்ல காத்திருக்க வேண்டியதில்ல. ஃபோட்டோ அப்லோட், இன்ஸ்பெக்ஷன், அப்புறம் ரெண்டு பக்கமும் கணக்கு எடுக்கற நெட் மீட்டர், அக்டோபர்ல ஓட ஆரம்பிச்சுது. மானியம் 78,000 நவம்பர்ல வந்துச்சு, அத அப்படியே லோன் அக்கவுண்டுக்கு போட்டோம், பாக்கி 97,500 சுமாரு.

இப்போ கணக்கு. எங்க வீட்டுல ரெண்டு மாசத்துக்கு 720 யூனிட் செலவாகும், வெயில் காலத்துல ரெண்டு ஏசி. 500 யூனிட்ட தாண்டினா ரேட் சட்டுன்னு எட்டு ரூபாய்க்கு மேல ஏறிடுது, அதனால பில்லு நாலாயிரத்த தொட்டுட்டு இருந்துச்சு. லோனோட இஎம்ஐ 1,948, ரெண்டு மாசத்துக்கு 3,896. அதாவது ஈபிக்கு கட்டிட்டு இருந்த காச தான் இப்போ லோனுக்கு கட்டறோம், கைய விட்டு புதுசா எதுவும் போகல. மானியத்த அசல்ல கழிச்சதால அதே இஎம்ஐ கட்டினா அஞ்சு வருஷத்துக்குள்ள முடிஞ்சிரும், பேனல் அதுக்கப்புறமும் இருவது வருஷம் உழைக்கும். நல்ல வெயில்ல ஒரு நாளைக்கு 12 யூனிட் வருது, ஐப்பசி கார்த்திகை மழையில 4, 5க்கு இறங்கிடுச்சு, அப்போ கொஞ்சம் மனசு கஷ்டமா இருந்துச்சு. வருஷத்துக்கு 4,000 யூனிட் பக்கம் வரும்னு எதிர்பாக்கறேன். நம்ம நாட்டு கிரிட்டுல ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, அப்போ வருஷத்துக்கு 2.8 டன் குறையும்.

ஒண்ணு முன்னாடியே யாரும் சொல்லல, கரண்ட் போனா இதுவும் நின்னுடும். பேட்டரி இல்லாத கிரிட் சோலார் எல்லாம் அப்படித்தான், லைன்ல வேலை பாக்கறவருக்கு நம்ம வீட்டு கரண்ட் பாஞ்சு ஆபத்து வரக்கூடாதுன்னு இன்வெர்ட்டர் தானா ஆஃப் ஆகும். அம்மா முதல் தடவை "மேல அவ்ளோ வெயில் அடிக்குது, கீழ ஃபேன் ஓடல"ன்னு பதறிட்டாங்க.

வாரத்துக்கு ஒரு தடவை விடியக்காலம் நான் மேல ஏறி பேனல கழுவறேன். துடைச்ச துணிய பிழிஞ்சா தண்ணி கறுப்பா வரும். எங்க ஏரியா தூசி அப்படி. கழுவலன்னா யூனிட் குறையறது ஆப்லயே தெரியுது.

போன மாசம் அந்த ஃபீல்டு ஆபீசர் ஃபோன் பண்ணாரு, நாங்க லோன் வாங்கினதுக்கப்புறம் பிராஞ்ச்ல இன்னும் ஏழு வீட்டு ஃபைல் வந்திருக்காம், அதுல ரெண்டு எங்க தெருவுல. ஒரு வீட்டுல கனெக்ஷன் இறந்து போன தாத்தா பேர்ல இருக்காம், எப்படி மாத்தினீங்கன்னு அவங்களுக்கு சொல்ல முடியுமான்னு கேட்டாரு. போய் உக்காந்து லிஸ்ட் எழுதிக் குடுத்துட்டு வந்தேன். அம்மாவோட இன்னொரு எஃப்டி ஆடி மாசம் மெச்சூர் ஆகுது, நிலக்கரி கடன் எவ்ளோன்னு கேட்ட அந்த லெட்டரோட காப்பிய பாஸ்புக் உள்ளயே வச்சிருக்கேன், அன்னைக்கு மேனேஜர் கையில நேரா குடுக்கப் போறேன்.